வெள்ளொளிக்கு வேண்டிய நிறங்கள் எத்தனை?

ஞாயிற்றின் ஒளி வெண்மையானது என்பதையும், அவ்வெண்மை பல நிறங்களின் கூட்டே என்பதையும் இன்று கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆயின், அந்நிறங்கள் யாவும் கூடினாலன்றி வெண்மை பிறவாதோ, அன்றி அவற்றுட் சில மட்டும் கூடினும் பிறக்குமோ என்னும் வினா அத்துணை எளிதன்று. இவ்வினாவை நியூற்றனின் முன் வைத்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ். வைத்த ஆண்டு 1673. அதற்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடை விளக்காக உருப்பெற்று நம் வீட்டுக் கூரைகளிலே தொங்குவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐசாக் நியூற்றன் தம் அரியப் பரிசோதனைகளை 1660ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே தொடங்கினார். இருட்டறையின் யன்னற் கதவில் கால் அங்குல அளவான துளையொன்றிட்டு, அதன்வழிப் புகுந்த கதிரை அரியத்தினூடே செலுத்தி, 22 அடிக்கு அப்பாலிருந்த சுவரில் விழச் செய்தார். வட்டமாக விழுமென எதிர்பார்க்கப்பட்ட ஒளி, தன் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு நீளமுடைய நிறப்பட்டையாக விழுந்தது. அரியம் நிறங்காட்டும் என்பது அவருக்கு முன்னரும் பலர் கண்டதே. அப்பட்டையின் நீளத்தை அளந்து, அந்நீளத்துக்குக் காரணம் யாதென வினவியதே நியூற்றனின் தனிச்சிறப்பு. பின்னர், பிரிந்த நிறங்களை வில்லையொன்றினால் மீண்டும் ஓரிடத்திற் குவித்தார், வெண்மை தோன்றியது. அவற்றுள் யாதேனும் ஒன்றை இடையே மறித்தபோது வெண்மை கெட்டு வேறு நிறம் தோன்றியது. ஆகவே, வெண்மைக்கு எல்லா நிறங்களும் உரிய அளவிற் கலத்தல் வேண்டும் என முடிவு செய்து, 1672ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டிலே தம் கொள்கையை அச்சேற்றினார்.

அடுத்த ஆண்டு அதே வெளியீட்டிலே பரிஸ் நகரத்து அறிஞர் ஒருவரின் மடல் என்ற அளவிற் குறிக்கப்பட்டு, பெயர் சுட்டப்படாது, ஒரு மறுப்பு வெளிவந்தது. எழுதியவர், அக்காலத்திற் பரிஸில் வாழ்ந்த ஹைகன்ஸ். மஞ்சளும் நீலமும் ஆகிய இரண்டே வெண்மையை ஆக்கப் போதுமாயிருக்கலாம் என்பது அவர் கருத்து. எண்ணிறந்த நிறங்களுக்கு எண்ணிறந்த இயக்கங்களைக் கற்பித்தலிலும், இரண்டு நிறங்களுக்கு இரண்டு இயக்கங்களைக் கற்பித்தல் எளிது என்பது அவர் காட்டிய நியாயம். பரிசோதனை எதனையும் அவர் செய்து காட்டவில்லை. நியூற்றனோ மறுப்புகளாற் சலிப்புற்று, அரச கழகத்தினின்றும் விலகிவிட விரும்புவதாகவும் அவ்வாண்டிலே எழுதியவர். எனினும் ஹைகன்ஸுக்கு அவர் விடுத்த மறுமொழியிலே கூர்மையான கருத்து ஒன்று உளது. இரு நிறங்களால் ஒரு வெண்மை பிறக்குமெனக் கொண்டாலும், அது ஞாயிற்றின் வெண்மையினின்றும் பண்பால் வேறுபட்டதாகவே இருக்கும் என்பது அது. இவ்வொரு வாக்கியத்தின் பொருள் எவ்வளவு பெரிதென்பதை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது.

1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலிலே நியூற்றன் இவ்வினாவுக்குத் திரும்பினார். ஏழு நிறங்களையும் ஒரு வட்டத்தின் சுற்றிலே நிறுத்தி, மையத்தில் வெண்மையை வைத்து, கலவையின் நிறத்தைப் புவியீர்ப்பு மையம் காண்பதுபோலக் கணிக்கும் விதியொன்றை வகுத்தார். அவ்விதிப்படி, எதிரெதிரே நிற்கும் இரு நிறங்களைச் சம அளவிற் கலந்தால் விளைவு மையத்தில் விழும். அஃதாவது வெண்மையாதல் வேண்டும். ஆனால் அங்ஙனம் கலந்தால் நிறைவான வெண்மை வராது, பெயரிடவியலாத மங்கல் நிறம் ஒன்றே வரும் என்றும் அவரே எழுதினார். இரண்டு நிறங்களால் வெண்மையாக்கத் தம்மால் இயலவில்லை. மூன்றினால் இயலுமோ அறியேன். நான்கு ஐந்தினால் இயலும் என்பதில் ஐயமில்லை என்ற கருத்தும் அந்நூலில் உண்டு. தம் விதி ஒன்று சொல்ல, தம் கண் வேறொன்று சொல்ல, இரண்டையும் ஒரே நூலில் ஒளிவின்றிப் பதிந்து வைத்த நேர்மை பாராட்டுதற்குரியது.

அதே நூலில் நியூற்றன் விவரிக்கும் பரிசோதனை ஒன்றை இங்கே விரித்துரைத்தல் தகும். அரிதாரம், ஊதாப் பொடி, நீலப் பொடி, செம்புக் களிம்பு ஆகியவற்றைத் தக்க அளவிற் கலந்தார். கிடைத்தது வெள்ளைப் பொடியன்று. சாம்பல் நிறப் பொடி. அப்பொடியைத் தம் அறைத் தரையிலே வெயில் படுமிடத்திற் பூசி, அதற்கு அருகே நிழலில் அதே அளவான வெள்ளைத் தாளொன்றை வைத்தார். பன்னிரண்டு அல்லது பதினெட்டு அடி தூரத்திலிருந்து நோக்கியபோது பொடி தாளினும் வெண்மையாகத் தோன்றியது. அவ்வேளையிலே நண்பர் ஒருவர் வந்தார். அவரை வாயிலிலேயே நிறுத்தி, யாது செய்கிறோம் என்பதைச் சொல்லாமல், இவ்விரு வெண்மைகளுள் எது சிறந்தது என வினவினார். இரண்டும் நல்ல வெண்மைகளே என்றார் நண்பர். சாம்பல் நிறம் என்பது ஒளி குறைந்த வெண்மையே என்பதை இதனினும் எளிதாக எவரும் நிறுவியதில்லை.

பாடசாலைகளிலே நியூற்றனின் நிறத்தட்டைச் சுழற்றிக் காட்டும் ஆசிரியர்கள் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம். தட்டு வெள்ளையாகத் தோன்றும் எனப் பாடநூல் கூறும். சாம்பலாகத் தெரிகிறதே என மாணவன் கூறுவான். தட்டிற் பூசிய வண்ணம் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதையே தருகிறது. மாணவனின் கண் பொய் சொல்லவில்லை.

ஹைகன்ஸின் ஐயம் நெடுங்காலம் தீராதிருந்தமைக்கு ஓவியர்களின் வண்ணக் குழம்பும் ஒரு காரணம் எனலாம். மஞ்சட் குழம்பும் நீலக் குழம்பும் கலந்தாற் பச்சை பிறக்கும் என்பது எவரும் அறிந்தது. ஆகவே ஒளியிலும் அவ்வாறே நிகழும் என நம்பினர். 1849 அளவில் எடின்பரோவிலே ஜேம்ஸ் போர்ப்ஸ் என்னும் பேராசிரியர் மஞ்சளும் நீலமும் பூசிய தட்டைச் சுழற்றியபோது பச்சை தோன்றவில்லை. இளஞ்சிவப்புச் சாயலே தோன்றியது. இப்புதிரை அவிழ்த்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ். குழம்புகள் கலக்கும்போது ஒவ்வொன்றும் ஒளியினின்றும் சில நிறங்களைக் கழிக்கின்றது. இரண்டும் கழியாது விட்ட பச்சையே எஞ்சுகின்றது. ஒளிகள் கலக்கும்போது கழித்தல் இல்லை, கூட்டலே உண்டு. 1852இல் இதனை விளக்கிய ஹெல்ம்ஹோல்ற்ஸ், ஆங்கில எழுத்து 'வி' வடிவான பிளவினூடே ஒளியைச் செலுத்தி இரு நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படியச் செய்து, தூய நிறங்களை இரண்டிரண்டாகக் கலந்து பார்த்தார். வெண்மை தந்த இணை ஒன்றே: மஞ்சளும் கருநீலமும். ஹைகன்ஸின் ஊகம் 179 ஆண்டுகளின் பின் மெய்யாயிற்று.

ஓர் இணைதான் உண்டோ? இல்லை, ஒவ்வொரு நிறத்துக்கும் எதிர்நிறம் ஒன்று இருத்தல் வேண்டும் என, நியூற்றனின் வட்டத்தைக் கணித நெறியில் ஆராய்ந்து 1853இல் மறுத்தவர் ஹெர்மன் கிறாஸ்மன். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். ஸ்ரெற்றின் நகரத்திலே பாடசாலை ஆசிரியர். கணிதத்திற் பெருநூல் செய்தும் தம் காலத்தவரால் நன்கு மதிக்கப்படாது, பிற்காலத்தில் வடமொழி பயின்று இருக்கு வேதத்துக்குப் பேரகராதி தொகுத்தவரும் இவரே. மறுப்பைக் கண்ட ஹெல்ம்ஹோல்ற்ஸ் கருவியைத் திருத்தி மீண்டும் அளந்தார். இன்றைய அளவிற் கூறின், 656 நனோமீற்றர்ச் சிவப்புக்கு 492 நனோமீற்றர்ப் பச்சைநீலமும், 567 நனோமீற்றர் மஞ்சளுக்கு 465 நனோமீற்றர் நீலமும் இணையாயின. பச்சைக்கு மட்டும் நிறமாலையில் தனி இணை இல்லை. சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமே அதற்கு எதிர்நிறம்.

இரண்டே நிறம் போதுமாயின் அதற்குக் காரணம் ஒளியிலன்றிக் கண்ணிலேயே இருத்தல் வேண்டும். கண்ணிலே மூவகை உணர்கருவிகளே உள எனத் தோமஸ் யங் 1801இல் ஆற்றிய உரையில் முன்மொழிந்திருந்தார். மக்ஸ்வெல் 1855 முதல் நிறப் பம்பரங்கொண்டு அதனை அளவையால் நிறுவினார். அம்மூன்று கருவிகளும் உரிய விகிதத்தில் தூண்டப்பட்டால், தூண்டியவை இரண்டு நிறங்களோ இரண்டாயிரமோ எனக் கண் அறியாது. செவி ஓர் இசைக்கூட்டினைக் கேட்டு அதிலுள்ள சுரங்களைப் பிரித்தறியும். கண்ணுக்கு அவ்வாற்றல் இல்லை.

இனி விளக்குக்கு வருவோம். மின்னைச் செலுத்தியதும் ஒளிரும் குறைகடத்தியாகிய ஒளிகாலும் இருவாயி, எரியும் இழைபோல நிறமாலை முழுவதையும் தருவதன்று. ஒவ்வொன்றும் ஒரு குறுகிய நிறத்தையே தரும். ஆகவே அதனால் வெண்மையாக்க முயன்றவர் ஹைகன்ஸின் வினாவையே மீண்டும் எதிர்கொண்டனர். 1962இல் நிக் ஹொலொனியாக் சிவப்பு இருவாயியை ஆக்கினார். பச்சையும் மஞ்சளும் தொடர்ந்தன. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைகூடவில்லை. அதற்குரிய கலியம் நைத்திரைட்டுப் பளிங்கை மாசின்றி வளர்த்தல் அரிதாயிருந்தது. நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 1986இல் நல்ல பளிங்கையும், 1989இல் மகனீசியம் சேர்த்து அதன் நேர்வகையையும் பெற்றனர். நிச்சியா நிறுவனத்தின் சுஜி நகமுரா 1993இல் ஒளிமிக்க நீல இருவாயியை வெளியிட்டார். 2014இல் இம்மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிச்சியா முன்னரே ஒளிர்பொருள் செய்து விற்ற நிறுவனம். 1996இல் அது நீல இருவாயியின்மேல் சீரியம் கலந்த மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியது. நீலத்தின் ஒரு பகுதி அப்பூச்சிற்பட்டு மஞ்சளாயிற்று. எஞ்சிய நீலம் அதனோடு கலந்து வெண்மையாயிற்று. மஞ்சளும் நீலமும்! அம்மஞ்சள் தூய நிறமன்று, பச்சைமுதல் செம்மஞ்சள்வரை பரந்தது என்பது உண்மையே. எனினும் அடிப்படை ஹைகன்ஸ் கூறியதே.

ஆயின் அவ்விளக்கின்கீழே சிவந்த துணியை விரித்தவர், நியூற்றனின் மறுமொழியும் மெய்யெனக் கண்டனர். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே தெரிந்தது. துணியோ தவிட்டு நிறமாயிற்று. துணி திருப்பியனுப்புதற்கு விளக்கின் ஒளியில் ஆழ்ந்த சிவப்புப் போதியவளவு இல்லை. இருநிற வெண்மை கண்ணளவிலே ஞாயிற்றொளிக்கு ஒப்பாகலாம்; பொருளின்மேற் பட்டதும் வேற்றுமை வெளிப்படும். இதனை அளப்பதற்கென ஒளியூட்டல் பற்றிய பன்னாட்டு ஆணையம் 1965இல் வகுத்த சுட்டெண், எட்டு மாதிரி நிறங்களின் சராசரியாய், 100ஐ உச்சமாகக் கொண்டது. அவ்வெட்டும் மங்கல் நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாம் மாதிரியாய் வைக்கப்பட்டுச் சராசரியிற் சேர்க்கப்படாமையால், சிவப்புக் குன்றிய விளக்குகளும் அதில் ஓரளவு நல்ல எண் பெற்றன. மனிதர் முகத்தையும் மரக்கறியையும் பார்க்க வேண்டியவர்களுக்கு இவ்வெண் போதாது என்பது என் கருத்து.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று இருவாயிகளையே நேரே கலப்பது மற்றொரு வழி. மூன்றினதும் விகிதத்தை மாற்றிப் பற்பல நிறங்களைப் பெறலாம் என்பது அதன் நன்மை. ஆனால் ஏறத்தாழ 460, 525, 630 நனோமீற்றர்களில் மூன்று கூரிய முகடுகள் நிற்க, பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே மஞ்சட்பகுதி பள்ளமாய் வெறுமையுறும். பச்சை இருவாயி மற்றிரண்டினும் திறன் குறைந்தது. மேலும், விளக்குச் சூடேறுந்தோறும் சிவப்பின் ஒளி ஏனையவற்றினும் விரைந்து குறைவதால், மாலையில் ஏற்றிய வெண்மை சற்றுநேரத்தில் நீலம்பாரிக்கும். உணரியொன்று இடைவிடாது அளந்து மின்னைத் திருத்துதல் வேண்டும். இக்குறை நீக்கவே இன்று வீட்டு விளக்குகளிலே மஞ்சளோடு சிவப்பு ஒளிர்பொருளையும் சேர்க்கின்றனர். நடிகரின் முகமும் உடையும் நிறம் திரியாது தோன்றவேண்டிய நாடக அரங்குகளிலோ, செம்மஞ்சள் முதலிய நிறங்களையும் கூட்டி நான்கு, ஐந்து நிறங்களால் வெண்மை ஆக்குகின்றனர். ஏழு நிற இருவாயிகளைக் கொண்ட விளக்குகளும் உள.