ஒத்துக்காரரே தலைவராக: யோனாஸ் ஹெல்போர்கும் விநாயக்ராம் வீட்டுத் தாளமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவில் மேளத்தைவிட்டு விலகித் தெருமுனை திரும்பினால் நாகசுரம் மங்கிவிடும். தவிலின் தொப்பியில் குச்சி விழும் அடி மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். நம் இசையில் அடிக்குரல் இல்லை என்று சொல்பவர்கள் அந்த முனையில் ஒரு நிமிடம் நிற்கலாம். குரல் இருக்கிறது, அதைச் சுமப்பது தாளக்கருவி.

ராஜபாளையத்துப் பேருந்துகளில் இளையராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு பேஸ் கிட்டாரும் புதிதல்ல. ஆனால் அங்கே பேஸ், கார்டுகள் மாற மாறத் தானும் இடம் மாறும். ஜாஸிலும் அதுவே அதன் பிழைப்பு. ஆதார சட்ஜம் அசையாத கச்சேரியில் அதற்கு என்ன வேலை? 1975இல் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோர் மேடையேறிய சக்தி குழு இக்கேள்வியைச் சுலபமாகத் தீர்த்துக்கொண்டது: பேஸ் கலைஞரே வேண்டாம்.

1958இல் ஸ்வீடனில் பிறந்த யோனாஸ் ஹெல்போர்க், 1984இல் அதே மெக்லாஃப்லினின் புதுப்பித்த மகாவிஷ்ணு குழுவில் வாசித்தவர். அவர் வாழ்வின் முதன்மையான கட்டம் அதுவன்று, தன் பெயரில் குழு நடத்தி விநாயக்ராமின் மக்களோடு சேர்ந்த காலமே என்பது என் வாதம். கிட்டார் கலைஞர் ஷான் லேன், கஞ்சிராவில் வி. செல்வகணேஷ் ஆகியோருடன் அவர் செய்த 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' 2000இல் வந்தது. மேற்கத்திய இசைக்கு இந்தியத் தாளம் பூசிய தட்டு என்று அதை ஒதுக்குவது, கேட்காமல் சொல்லும் தீர்ப்பு.

கஞ்சிராவைக் கவனிப்போம். ஏழெட்டு அங்குலப் பலாமர வளையம், மரபில் உடும்புத் தோல். உட்புறம் தண்ணீர் தெளித்தால் தோல் தளர்ந்து ஒலி இறங்கும். பிடித்திருக்கும் இடக்கை விரல் விளிம்போரம் அழுத்தும்போது 'கும்' என்று கமகம் போல வழுக்கும். உள்ளங்கையளவு கருவி எழுப்பும் கனம் வியப்பூட்டும். அதற்கு நிலைத்த சுருதி கிடையாது. ஆகவே பேஸோடு மோதுவதில்லை. கனத்தைக் கஞ்சிரா ஏற்க, ஹெல்போர்க் சுருதியை ஏற்கிறார். நாகசுரக் குழுவில் ஒரே சுரத்தை மூச்சறாமல் ஊதும் ஒத்துக்காரரின் இடம் அது. வரிசையில் கடைசி ஆள். இங்கே அவரே தலைவர்.

ஒப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. ஹெல்போர்க் அடங்கிக் கிடப்பவரல்லர். தன் முறை வரும்போது விரல் தெறிக்க ஓடுகிறார். 'ஐகான்' தட்டில் செல்வகணேஷின் சகோதரர்கள் உமாசங்கரும் உமாமகேஷும் சேரும்போது நிலைமை இன்னும் இறுகுகிறது. உமாசங்கரின் கடம் சுருதி பார்த்துப் பொறுக்கியெடுக்கப்படுவது. கஞ்சிராவின் வழுக்கல் அதற்கு இல்லை. சட்ஜத்தை விட்டு பேஸ் நகர்ந்தால் பானை காட்டிக்கொடுத்துவிடும்.

2007இன் 'ஆர்ட் மெட்டல்' எனக்கு அத்தனை ஒப்பவில்லை. செல்வகணேஷ் அதிலும் உண்டு. ஆனால் ஆண்டர்ஸ் யோஹான்சனின் டிரம்ஸ் நடுவில் உட்கார்ந்துவிட, அந்த ஈரத் தோலின் 'கும்'மை நான் தேடித்தான் கேட்கவேண்டியிருந்தது.