ஓசோன் கருவி: வாடை போக வேண்டுமானால் வீட்டில் ஆள் இருக்கக் கூடாது

முன்பு குடியிருந்தவர் பல ஆண்டுகள் புகைத்த சிகரெட் நெடி இன்னும் சுவரில் ஒட்டியிருக்கும் வாடகை வீடு. வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆன பிறகும் ஈர வாடை போகாத அறை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் பழைய கார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று சொல்லி இணையச் சந்தைகளில் ஓசோன் கருவியை விற்கிறார்கள். விலையும் கைக்கு எட்டும் அளவில்தான் இருக்கிறது.

கருவி வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று உண்டு. வாடையைப் போக்கும் அளவுக்கு ஓசோன் நிறைந்த அறையில் மனிதர் இருக்கக் கூடாது. மனிதர் இருக்கக்கூடிய அளவுக்கு ஓசோன் குறைந்தால் வாடை போகாது. வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டே வாடையைப் போக்கும் ஓசோன் கருவி என்று எதுவும் இல்லை. கருவியை வாங்குமுன்னும், இரவல் வாங்கி இயக்குமுன்னும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓசோன் என்பது என்ன?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு எளிதில் பிரிந்து, எதிர்ப்படும் பொருளோடு சேர்ந்துகொள்ளும். வாடை தரும் மூலக்கூறோடு சேரும்போது அது உருமாறி, வாடை குறைகிறது. கருவிக்குள் உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உடைத்து ஓசோனாக்குகிறது. மின்னல் வெட்டியதும் எழும் கூர்மையான மணமும், பழைய நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே நின்றால் வரும் மணமும் இதுதான். 1840-இல் இதற்குப் பெயர் வைத்த வேதியியலாளர் கிறிஸ்டியன் ஷோன்பைன், ‘மணத்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதை எடுத்தார்.

வானத்தில் மிக உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. ‘ஓசோன் நல்லது’ என்ற எண்ணம் அதனால் வந்தது. அதே வாயு மூக்கருகே வந்தால் கெடுதல்.

இரண்டு விநாடிக் கணக்கு

மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதி, ஒரு மில்லியன் பங்கு காற்றில் 0.05 பங்கு ஓசோன் வரைதான் ஏற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் ஏறக்குறைய அதே அளவுதான்: எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம்.

இதை ஓர் அறைக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட படுக்கையறையில் ஏறத்தாழ 32 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அறை முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட ஓசோன் 3.2 மில்லிகிராம்தான். சந்தையில் விற்கும் ஒரு கருவியின் பெட்டியில் ‘மணிக்கு 10,000 மில்லிகிராம்’ என்று எழுதியிருந்தால், அது ஒரு விநாடிக்கு 2.8 மில்லிகிராம் வெளியிடும். இரண்டு விநாடிக்குள் அறை பாதுகாப்பு அளவைத் தாண்டிவிடும். எழுதியதில் பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் கால் நிமிடம் போதும். ‘ஐந்து நிமிடம்தானே, குழந்தை தூங்கட்டும்’ என்று விடுவதற்கு இதில் இடமே இல்லை.

உடலுக்குச் செய்வது

ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். இருமல், தொண்டைக் கரகரப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நோய் கிளம்பும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நுரையீரல் நோய் அல்லது இருதய நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். முகக்கவசம் காப்பாற்றாது. சாதாரணக் கவசம் தூசியைத் தடுக்கும். ஓசோன் போன்ற வாயு அதனூடே புகுந்துவிடும். மூக்கையும் நம்ப முடியாது. சற்று நேரத்தில் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். மணம் தெரியவில்லை என்பதற்காக ஓசோன் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பரை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை ஓசோன் கண்ணி கண்ணியாக அறுக்கும். ஓசோன் உள்ள இடத்தில் இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டையில் குறுக்கே வெடிப்பு விழுவது அதனால்தான். ஓசோன் அறுக்கும் அதே வகைப் பிணைப்பு, நம் நுரையீரலின் உட்பூச்சில் உள்ள கொழுப்புப் பொருள்களிலும் இருக்கிறது.

வீட்டுப் பொருள்களும் தப்புவதில்லை. ரப்பர் விளிம்புகள், மீள்பட்டை வைத்த துணிகள் கெடலாம். சாயத் துணி, குடும்பப் புகைப்படம், சாமி படம் ஆகியவற்றின் நிறம் மங்கலாம். செடிகள் வாடும்.

முதலில் வாடையின் வேரைப் பிடியுங்கள்

வாடை தரும் பொருள் அறையிலேயே இருந்தால், ஓசோன் போட்ட சில நாளில் வாடை திரும்பி வரும். பெரும்பாலான வீடுகளில் கீழ்க்கண்ட வேலைகளே போதும்.

ஈர வாடை: 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வீடுகள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. அப்படி ஊறிய மெத்தை, சோபா, பலகை அலமாரி ஆகியவற்றைக் கருவியால் மீட்க முடியாது. அப்புறப்படுத்துவதே வழி. நனைந்த மற்றப் பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்தால் பூசணம் பிடிப்பதைத் தடுக்கலாம். கூரை ஒழுகினால் முதலில் கூரையைச் சரிசெய்ய வேண்டும். சுவருக்குள்ளும் மெத்தைக்குள்ளும் வேர்விட்ட பூசணத்தை ஓசோன் எட்டாது. பூசணத்தைக் குளோரக்ஸ் போன்ற வெளுப்பானால் துடைக்கும்போது அதனுடன் வினிகரையோ வேறு கழுவு திரவத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

சிகரெட் நெடி: சுவர், சீலிங், கதவு, மின்விசிறி இறக்கை அனைத்தையும் சவர்க்கார நீரால் கழுவுங்கள். திரைச்சீலையைத் துவையுங்கள். கறை தெரிந்தால், கறையை அடைக்கும் அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் சாயம் பூசுங்கள். கழுவாமல் ஓசோன் போட்டால், சுவரில் படிந்த நிக்கோட்டினோடு அது சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை உண்டாக்கும். அவையும் நுரையீரலுக்குள் போகக்கூடியவை.

சாக்கடை வாடை: நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறைத் தரைக்குழாயின் வளைவில் நிற்கும் நீர் வற்றியிருக்கும். ஒரு வாளி நீர் ஊற்றினால் பெரும்பாலும் வாடை நின்றுவிடும்.

மற்றவை: ஏர்கோனைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். சீலிங்கில் எலி செத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சிய லேசான வாடைக்கு ஆப்ப சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டுக் கூட்டி எடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு வாடை நின்றால் மட்டுமே ஓசோனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இயக்கும் முறை

1. எல்லாரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அடுத்த அறையில் இருப்பது போதாது. பூனை, நாய், கூண்டுப் பறவை, மீன் தொட்டி, செடி எல்லாம் வெளியே போக வேண்டும்.

2. சாயத் துணி, புகைப்படம், சாமி படம், ரப்பர்ப் பொருள், உணவு ஆகியவற்றை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

3. எலுமிச்சை, பைன் மணம் உள்ள தரைத் திரவத்தால் துடைத்த அன்று இயக்காதீர்கள். அந்த மணப்பொருளோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்னும் கெடுதலான பொருள் உண்டாகும்.

4. அடுப்பை அணைத்து, கேஸ் தோம்பை மூடுங்கள். ஊதுவத்தி, விளக்கு எதுவும் எரியக் கூடாது. ஓசோன் தீயை ஊக்குவிக்கும்.

5. அறை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் காற்றில் கருவி தரும் ஓசோன் குறையும். அதனுடன் நைட்ரிக் அமிலமும் உண்டாகும். அடைமழை நாளில் இயக்காதீர்கள்.

6. நேரக் கட்டுப்பாட்டு விசை உள்ள கருவியையே பயன்படுத்துங்கள். நீள மின்கம்பி போட்டு, சுவிட்சு வீட்டுக்கு வெளியே இருக்கும்படி அமைத்தால் அணைப்பதற்காக உள்ளே போக வேண்டியதில்லை.

7. கையேட்டில் உள்ள மிகக் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். வாடை மிஞ்சினால் இன்னொரு நாள் திரும்பச் செய்யலாம். ஒரேயடியாக நெடுநேரம் விடுவது பொருள்களைத்தான் கெடுக்கும்.

8. கதவில் ‘உள்ளே வர வேண்டாம்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். சாவி வைத்திருக்கும் உறவினருக்கும் சொல்லிவிடுங்கள்.

9. கருவி நின்ற பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அதற்குள் ஓசோனில் பெரும்பகுதி தானாகவே ஆக்சிஜனாக மாறும். பிறகு ஒருவர் மட்டும் விரைவாகப் போய் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, உடனே வெளியேற வேண்டும். மேலும் சில மணி நேரம் காற்றோட்டம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த ஒருவராக இருக்கக் கூடாது.

10. குழந்தைகளும் முதியோரும் அன்றிரவு உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

பக்கத்து வீட்டை மறவாதீர்கள்

பழைய தோட்ட லயங்களில் இரு வீட்டுக்கு இடையிலான சுவர் கூரை வரை எட்டாமல் இருப்பதுண்டு. அங்கே ஓசோன் போட்டால் அது பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்கும் போகும். அப்படிப்பட்ட வீட்டில் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம். அடுக்குமாடியில் கதவு இடுக்கையும் பொது நடைபாதையைப் பார்த்த ஜன்னலையும் அடைத்து, அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இயக்க வேண்டும். அறை, வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், புதியவர் குடியேறும் நாளில் இதைச் செய்யக் கூடாது. ஒரு நாளாவது முன்பு முடித்து, வீட்டைத் திறந்து வைக்க வேண்டும்.

காருக்கும் இதே விதிதான். கார் கழுவும் கடைகளில் ஓசோன் போட்டுக் கொடுத்தால், எல்லாக் கதவுகளையும் திறந்து நன்றாகக் காற்றோட விட்ட பிறகே ஏறுங்கள். காரின் உட்புறம் அறையை விட மிகச் சிறியது. அங்கே ஓசோன் இன்னும் வேகமாக நிறையும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஏற்றப் போகுமுன் செய்யும் வேலை அல்ல இது.

வாங்கும்போது

‘சக்தியூட்டப்பட்ட ஆக்சிஜன்’, ‘மலைக்காற்று’ போன்ற பெயர்களில் வருவதும் ஓசோனாக இருக்கலாம். காற்றுத் தூய்மைப்படுத்தி என்று விற்கும் சில அயனிக் கருவிகளும் ஓசோனை வெளியிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல், 0.05 பங்குக்கு மேல் ஓசோன் தரும் வீட்டுக் காற்றுத் தூய்மைக் கருவிகளின் விற்பனைக்குத் தடை விதித்துள்ளது. ஆட்கள் இருக்கும் அறையில் தினமும் ஓட விடுவதற்கு, ஓசோன் வெளியிடாத, வடிகட்டி உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி தெரிந்தால்

இருமல், நெஞ்சு இறுக்கம், கண் எரிச்சல் தெரிந்தால் கருவியை அணைக்கத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டிக்க முடிந்தால் துண்டியுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தைக் கொடுங்கள். மூச்சுத் திணறல் குறையாவிட்டால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைத்து, ‘ஓசோன் கருவி ஓடியது’ என்று மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுத் தொல்லை சில மணி நேரம் கழித்தும் வரலாம். அன்றிரவு நெஞ்சு சரியில்லை என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.