வேதிப்பொறியியல் செயற்பயிற்சிப் பள்ளி

வேதிப்பொறியியல் செயற்பயிற்சிப் பள்ளி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி) 1916 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதுநிலைப் பயிற்சித் திட்டம் ஆகும். மாணவர்கள் தொழிற்சாலைகளில் தங்கி, அங்கு நிலவும் உண்மையான சிக்கல்களுக்குத் தீர்வு காண்கின்றனர். அவர்களுடன் கழகத்தின் ஆசிரியர் ஒருவரும் அங்கேயே தங்குவது இதன் தனித்தன்மை. சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி வேறு நிறுவனமாகும்.

பின்னணி

ஆய்வுகூடத்தில் 1 லீட்டர் குடுவையில் அமைதியாக நிகழும் ஒரு வெப்ப உமிழ்வினையை, அதே வடிவமுள்ள 1000 லீட்டர் கலனில் செய்வதாகக் கொள்வோம். வெளிப்படும் வெப்பம் 1000 மடங்காகும். ஆனால் அவ்வெப்பம் வெளியேற வேண்டிய கலனின் மேற்பரப்பு 100 மடங்கு மட்டுமே பெருகும். முறையாகக் குளிர்விக்காவிடில் கலன் வெடிக்கவும் கூடும். இவ்வேறுபாட்டை ஏட்டில் படித்தறியலாம். இயங்கும் ஆலையில் அதைக் கையாளும் பழக்கத்தை ஆய்வுகூடம் தருவதில்லை.

எம்.ஐ.டி-யில் இது கொள்கைப் பூசலாகவும் இருந்தது. ஆர்தர் நாய்ஸ் 1903 இல் இயற்பிய வேதியியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். அடிப்படை அறிவியலே பொறியாளனுக்கும் வேர் என்பது அவர் கருத்து. வில்லியம் வாக்கர் 1908 இல் பயன்முறை வேதியியல் ஆய்வுகூடத்தை நிறுவி, தொழிற்துறையின் சிக்கல்களிலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்றார். நாய்ஸ் பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்றுவிட்டார். இருவரில் எவர் கூற்றையும் முற்றிலும் தவறெனச் சொல்ல இயலாது.

தோற்றம்

வாக்கரின் நண்பரும் தொழிற்துறை ஆலோசகருமான ஆர்தர் லிட்டில், 1915 இல் 'அலகுச் செயற்பாடுகள்' என்ற கருத்தை முன்வைத்தார். சர்க்கரை, சிமெந்து, காகிதம் என எதைச் செய்தாலும் அரைத்தல், வடிகட்டல், உலர்த்தல், காய்ச்சி வடித்தல் போன்ற சில செயல்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே ஓரிரு ஆலைகளை நன்கு தேர்ந்தெடுத்தால், அங்கு கற்பது பிற தொழில்களுக்கும் உதவும். பயிற்சி நிலையங்களை அமைக்க, கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 3,00,000 டாலர் வழங்கினார். அவர் அக்காலத்தில் 'திரு. ஸ்மித்' என்ற பெயரில் மறைந்திருந்தே இக்கழகத்துக்குக் கொடையளித்து வந்தார். 1920 இல்தான் உண்மை வெளியாயிற்று.

முதல் உலகப்போரால் 1917 இல் நின்றுபோன பள்ளி 1920 இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. மேய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரிலிருந்த காகிதக்கூழ் ஆலை தொடக்கக்கால நிலையங்களுள் ஒன்று. பிற்காலத்தில் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வு மையத்திலும் நிலையம் அமைந்தது.

நடைமுறை

மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு சிக்கல் வீதம் ஆராய்கின்றனர். தலைமைப் பொறுப்பு சுழற்சி முறையில் மாறும். முடிவுகளை எழுத்து வடிவிலும், ஆலைப் பொறியாளர்கள் முன் வாய்மொழியாகவும் அளிக்க வேண்டும். இப்பயிற்சி முதுநிலை ஆய்வேட்டுக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது.

1906 இல் ஹெர்மன் ஷ்னைடர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களுடன் தொடங்கிய கூட்டுறவுக் கல்வி முறையிலிருந்து இது வேறுபடுகிறது. அங்கு மாணவர் ஊதியம் பெறும் ஊழியர். தொழிற்சாலையில் அவரை மேற்பார்ப்பவர் முதலாளியின் ஆளே. இங்கு தொழிற்சாலையே வகுப்பறையாகிறது; மதிப்பெண் இடுபவர் ஆசிரியர். ஆலைக்கு அவசரமான வேலையும் மாணவருக்குப் பயன்தரும் வேலையும் எப்போதும் ஒன்றல்ல ஆதலால் இவ்வேறுபாடு சிறியதன்று.

குறைபாடுகள்

ஆசிரியரை மாதக்கணக்கில் வளாகத்துக்கு வெளியே நிறுத்துவது பெருஞ்செலவு. இம்முறை பரவலாகாததற்கு இது முக்கியக் காரணம் எனலாம். மேலும் நிறுவனத்தின் தரவுகள் இரகசியமானவை. வழக்கமான ஆய்வேடு நூலகத்துக்குச் செல்லும். இம்மாணவரின் அறிக்கையோ பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடும்.

இந்தியாவில்

இந்தியாவில் இம்முறையைப் பின்பற்றியது இராசத்தானின் பிலானியில் உள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் ஆகும். 1964 இல் உருவான இக்கழகம், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் எம்.ஐ.டி-யின் வழிகாட்டுதலைப் பெற்றது. சி. ஆர். மித்ரா இயக்குநராக இருந்தபோது, 1973 இல் செயற்பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிலானி ஆலைகள் நிறைந்த நகரன்று. ஆகவே மாணவரும் ஆசிரியரும் தொலைவிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்லவேண்டியதாயிற்று. எம்.ஐ.டி-யில் ஒரு துறையின் முதுநிலை மாணவருக்கென இருந்ததை, பிலானி பல துறைகளின் இளநிலை மாணவருக்கும் விரித்தது. இதில் முதற்கட்டம் ஏறத்தாழ இரண்டு மாதக் கோடைப்பயிற்சி. இரண்டாம் கட்டம் ஏறத்தாழ ஐந்தரை மாதம், அதாவது ஒரு முழுப் பருவம்.