வாயைப் பார், காலைப் பார்!

போத்தனூர் ஜங்ஷனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தண்டவாளம் தெற்கே பொள்ளாச்சிக்குப் போகிறது. இன்னொன்று மேற்கே வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்கு. பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறும் மாடுகள் கேரளா போவதும் அதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான். மாட்டோடு மாடாக டிக்கெட் வாங்காமல் பயணம் செய்த பேர்வழிகள் இருவர். ஒருவர் வெக்கை. இன்னொருவர் கோமாரி.

முதல் நாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ‘தீனி எடுக்க மாட்டேங்குதுங்க. வாயில நூலாட்டம் எச்சில் ஒழுகுதுங்க’ என்பார் தோட்டத்துக்காரர். காய்ச்சல், வாய்ப்புண், பால் குறைவு... எல்லாம் ஒன்றேதான். ஆனால் வெக்கை, கழிச்சல் கண்டு கட்டுத்தரையையே காலி செய்துவிடும். கோமாரி வளர்ந்த மாட்டைப் பெரும்பாலும் கொல்லாது, படுத்தி எடுக்கும். வந்திருப்பது எது?

விடை குளம்பில் இருந்தது. கோமாரி என்றால் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கிளம்பும், மாடு நொண்டும். வெக்கை காலைத் தொடாது.

ஃப்ரகாஸ்டோரோ என்று ஓர் இத்தாலிய டாக்டர். (சிஃபிலிஸுக்குப் பெயர் வைத்த புண்ணியவானும் இவர்தான்!) 1514-ல் வெரோனா பக்கம் வந்த மாட்டு நோயைப் பற்றி 1546-ல் எழுதினார். முதலில் தீனி எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் கொப்புளம். பிறகு காலுக்கு இறங்கியது. காலுக்கு இறங்கிய மாடு பிழைத்தது, இறங்காதது பெரும்பாலும் செத்தது என்கிறார். செத்தவற்றில் வெக்கையும் கலந்திருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

கிருமி எது என்று தெரிய 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் இருவரும் கொப்புள நீரை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் ஊற்றினார்கள். வடிந்து வந்த நீரும் கன்றுக்கு நோயைக் கொடுத்தது! விலங்குகளைத் தாக்கும் வைரஸ் ஒன்று முதன்முதலாகப் பிடிபட்டது அப்படித்தான்.

வெக்கைக்கு ஒரு ஊசி போதும், ஆயுசுக்கும் தாங்கும். இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. கோமாரி அப்படியில்லை. ஏழு வகை. நம்மூரில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றுக்குக் கேட்காது. மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் ஆறு மாதம்தான் கணக்கு. 2019-ல் நாடு முழுக்க இலவச ஊசித் திட்டம் வந்தது இதற்காகத்தான்.

இரட்டையில் ஒன்று போய்விட்டதே, இனி கண்டுபிடிப்பது சுலபம்தானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. ஊசி போட்ட மாட்டில் நோய் லேசாக வந்துபோகும். லேசாக நொண்டும். ‘கல்லு குத்தியிருக்கும்’ என்று விட்டுவிடுவோம். இல்லையென்றால் குளம்பு அழுகல் என்போம். குளம்பு அழுகல் பெரும்பாலும் ஒரு மாட்டுக்கு, ஒரு காலில் வரும். இரண்டு மூன்று நாளில் நாலைந்து மாடு நொண்டி, வாயைச் சப்புக்கொட்டினால் கோமாரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கொப்புளம் கிளம்பும் முன்பே பாலில் கிருமி இறங்கிவிடும். அதைக் குடித்த கன்று வாயில் ஒரு புண்கூட இல்லாமல் பொசுக்கென்று செத்து விழும். கிருமி நேராக இதயத் தசையைத் தாக்கியிருக்கும்.

டாக்டர் நாக்கில் உரிந்த தோலைக் கிளிசரின் கலந்த புட்டியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். ரத்தத்தைச் சோதித்து, இது ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்ததா என்றுகூட இன்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் கட்டுத்தரைக்குள் கால் வைத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி வேறு. நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து பதினாலு நாள் ஆகும் அல்லவா?

‘ரெண்டு வாரத்துக்குள்ள சந்தையில மாடு ஏதாச்சும் புடிச்சீங்களா?’