சுண்டெலி காட்டிய சர்க்கரை: சிஏ 19-9 என்னும் பெயரின் வரலாறு

கணையத்தில் புற்றுநோய் இருக்குமோ என்ற ஐயம் எழும்போது மருத்துவர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனைகளுள் சிஏ 19-9 ஒன்று. அறிக்கையில் 37க்குக் கீழ் எண் வந்தால் இயல்பு என்று அச்சிட்டிருக்கும். குடும்பம் சற்றே மூச்சு விடும். அந்த ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குக் கட்டி எவ்வளவு வளர்ந்தாலும் அந்த எண் ஏறவே ஏறாது. ஏன் என்பதற்கான விடை, அந்தப் பரிசோதனை பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் செல்லை இறவாது பெருகும் மையலோமா புற்றுச்செல்லோடு இணைத்தனர். ஹைப்ரிடோமா எனப்பட்ட அந்தக் கலப்புச் செல், ஒரே வகை எதிர்ப்பொருளை வற்றாமல் சுரந்தது. பிரிட்டனில் அதற்குக் காப்புரிமை பெற எவரும் முனையவில்லை. மில்ஸ்டீன் அனுப்பிய மையலோமா செல்களைக் கொண்டு பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் பணியைத் தொடங்கிய ஹிலாரி கொப்ரவ்ஸ்கியோ, புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள்களை ஆக்கும் முறைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமையே பெற்றுவிட்டார். பிரிட்டனில் இந்தக் கசப்பு நெடுநாள் நீடித்தது.

அதே 1979இல் கொப்ரவ்ஸ்கி குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எஸ்டபிள்யூ1116 என்ற மனிதப் பெருங்குடல் புற்றுச்செல்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் செல்களிலிருந்து ஹைப்ரிடோமாக்களை உண்டாக்கி, குடல் புற்றுச்செல்லைப் பற்றி ஏனைய செல்களை விட்டுவிடும் எதிர்ப்பொருள்களைத் தேடிப் பொறுக்கினர். அவற்றுள் ஒன்றின் பெயர் 1116-என்எஸ்-19-9. இன்று உலகெங்கும் அறிக்கைகளில் அச்சாகும் எண், அந்தச் செல்வழிக்கு ஆய்வகத்தில் இட்ட அடையாளத்தின் கடைத்துண்டேயன்றி வேறன்று. பெயர் கிடைத்துவிட்டது, அந்த எதிர்ப்பொருள் செல்லின் மேல் எதைப் பற்றுகிறது என்பதுதான் தெரியவில்லை.

அதைக் கண்டறிந்தவர்கள் பெதஸ்டாவிலுள்ள அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் இருந்த ஜான் மக்னானி, விக்டர் கின்ஸ்பர்க் ஆகியோர். முறை எளிமையானது, அழகானது. புற்றுச்செல்லின் கொழுப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து மெல்லிய படலம் பூசிய தட்டில் ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் தங்கும். அத்தட்டின் மேல் எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவி, கதிரியக்க அயோடின் ஏற்றிய அடையாளத்தால் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று எக்ஸ்ரே படச்சுருளில் பதியவைத்தனர். கறுத்த இடத்தில் இருந்தது புரதமன்று. கொழுப்பின் முனையில் தொங்கும் ஒரு சர்க்கரைத் தொடர். சியாலிக் அமிலத்தை நொதியால் வெட்டி எடுத்ததும் எதிர்ப்பொருள் ஒட்ட மறுத்தது. 1982க்குள் முழு அமைப்பும் தெளிவாயிற்று: கேலக்டோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமின், ஃபியூகோஸ், அவற்றோடு சியாலிக் அமிலம். மறு ஆண்டு, நோயாளியின் இரத்தத்தில் இதே சர்க்கரை மியூசின் என்னும் பெரும் புரதங்களின் மேல் அமர்ந்து மிதப்பதும் தெரிந்தது. சிஏ என்பது கார்போஹைட்ரேட் ஆன்டிஜென் என்பதன் சுருக்கமே. ஆயினும் அதைக் கேன்சர் என்று விரிப்போர் இன்றும் உளர். அந்தத் தவறான விரிவு தரும் உறுதியை அச்சர்க்கரை தருவதில்லை.

ஏனெனில் சியாலிக் அமிலத்தை நீக்கினால் எஞ்சுவது அறிவியல் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்று. இரத்த வகை ஆய்வாளர் ஆர்தர் மொரான்ட் 1946இல் விவரித்த லூயிஸ் இரத்த வகைப் பொருள்தான் அது. புற்றுநோய்க்கே உரிய அடையாளத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள், மனிதர் தம் பெற்றோரிடமிருந்து பெறும் இரத்த வகை ஒன்றன் வாசலில் வந்து நின்றனர். ஃபியூகோஸை அந்த இடத்தில் பொருத்தும் நொதிக்கான எஃப்யூடி3 மரபணு சிலரிடம் செயல்படுவதில்லை. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினர் இவ்வாறு லூயிஸ் அற்றவர்கள். ஆப்பிரிக்க வழியினரில் இவ்விகிதம் இன்னும் மிகுதி. அவர்களது கட்டிக்கு இந்தச் சர்க்கரையைக் கட்டும் வழியே இல்லை. 1982இலேயே கொப்ரவ்ஸ்கி குழுவினர் இதைச் சுட்டிக்காட்டினர். அவர்கள் தப்பியது பரிசோதனையின் கண்ணுக்குத்தான், நோய்க்கு அன்று. அப்படியிருந்தும் இந்தக் குறிப்பு அறிக்கைத் தாளின் ஓரத்திலேனும் இடம்பெறுவது அரிது.

மறுபுறத் தவறும் உண்டு. பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வந்தால் புற்றின்றியே எண் உயரும். பித்தப்பைப் புற்றுநோய் மிகுந்து காணப்படும் கங்கைச் சமவெளியின் மருத்துவமனைகளில், கல்லால் வந்த அடைப்பா கட்டியால் வந்ததா என்ற வினாவுக்கு இந்த எண் மட்டும் விடை சொல்லிவிடாது.

நலமான குடல் திசுவிலும் இத்தொடர் உண்டு. ஆனால் அங்கே இரண்டாவதாக ஒரு சியாலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். புற்றுச்செல்லில் அந்தக் கடைசி நொதி குன்றிவிடுவதால் தொடர் அரைகுறையாக நின்றுவிடுகிறது என்று ஜப்பானின் ரெய்ஜி கன்னகி குழுவினர் காட்டினர். புற்று புதிதாக எதையும் புனையவில்லை. பழையதை முடிக்காமல் விட்டது. அந்த அரைகுறைச் சர்க்கரையை இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள ஈ-செலக்டின் பற்றிக்கொள்ளும் என்பது 1991இல் தெரியவந்தபோது, அது வெறும் அடையாளந்தானா என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்தைத் தொடரத் தடையாக நின்றது சுண்டெலிதான். சுண்டெலிக்கு எஃப்யூடி3 செயல்படுவதில்லை. இந்தச் சர்க்கரை அதன் உடலில் உருவாவதே இல்லை. அதனால்தான் 1979இல் அதன் உடல் இதை அயலென்று கண்டு எதிர்ப்பொருள் சுரக்க முடிந்தது. அதனாலேயே எலியில் கணைய நோயை ஆராய்ந்தவர்கள் இச்சர்க்கரையின் வேலையைக் காணவும் முடியாமற்போயிற்று. 2019இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டேவிட் டூவசன் குழுவினர் மனித எஃப்யூடி3 மரபணுவையும் துணையாக இன்னொரு மனித மரபணுவையும் சுண்டெலிக்கு ஏற்றினர். சிஏ 19-9 உண்டான எலிகளுக்குக் கணைய அழற்சி வந்தது. புற்றுக்கு வித்திடும் மரபணு மாற்றமும் சேர்ந்தவற்றில் புற்று விரைந்து வளர்ந்தது. அச்சர்க்கரையைப் பற்றும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது அழற்சி தணிந்தது.