ஊதியம் வாங்காத கால்கள்

சிங்கப்பூர் வரலாறு என்றதும் துறைமுகத்தையும் வணிகத்தையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். காற்பந்தையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1892-இல் இங்கே அமெச்சூர் காற்பந்துச் சங்கம் தோன்றியது. அமெச்சூர் என்றால் ஊதியம் பெறாமல் ஆடுவோர் என்று பொருள். உள்ளூர் அணிகளுக்கான சவால் கிண்ணப் போட்டியும் அவ்வாண்டே தொடங்கியது. அதன் வழிவந்ததே 1968-இல் தொடங்கிய அதிபர் கிண்ணம். தொழில்முறை லீக் 1996-இல்தான் பிறந்தது. ஆகவே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுக் காற்பந்தைத் தாங்கியவர்கள் பகலில் வேலை பார்த்து, மாலையில் பந்தை உதைத்தவர்களே.

அவர்கள் பயின்ற இடங்களுள் முதன்மையானது தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க். 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த அவ்விடம், பின்னர் பொது விளையாட்டுத் திடலாயிற்று.

1977 மே 28 அன்று கோலாலம்பூரில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என வென்றது. அணித் தலைவர் சமது அல்லாபிச்சை. பயிற்றுநர் சூ செங் குவீ. அக்காலத்தில் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர் வழக்கறிஞர் என். கணேசன். அவ்வணியில் எஸ். ராஜகோபாலும் ஆடினார். இப்பெயர்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

ஃபேரர் பார்க் திடல் பகுதியில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. வீடுகள் தேவைதான். ஆயினும் பெற்றோரே, அடுத்த முறை தேக்காவுக்கு வரும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, அத்திடலைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவ்வரலாற்றைத் தமிழில் சொல்லுங்கள்.