டெறோசியோவும் மாணவர் வாதமன்றமும்

இந்துக் கல்லூரி என்னும் பெயர் நமக்குப் பழக்கமானது. அப்பெயர் பூண்ட கல்லூரியொன்று 1817ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரில் தோன்றியது. 1826இல் அங்கே ஆசிரியராக அமர்ந்த ஹென்றி லூயி விவியன் டெறோசியோவுக்கு அப்பொழுது வயது பதினேழு. மாணாக்கருட் பலர் அவரினும் சில ஆண்டுகளே இளையர்.

பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் கடமை முடிந்ததென அவர் கருதினாரல்லர். 1828இல் அவர் தலைமையில் எழுந்த 'அக்கடமிக் அசோசியேசன்' என்னும் மன்றம் மாணிக்தலாவில் ஒரு தோட்டமாளிகையிற் கூடியது. விதி, கடவுளுண்மை, விக்கிரக வழிபாடு ஆகியன பற்றி ஒருவர் நிறுவ மற்றொருவர் மறுப்பார். கல்விக்கு உழைத்த டேவிட் ஹெயரும் வந்திருந்து கேட்பதுண்டு. ஹியூமின் ஐயங்களை எடுத்துரைத்த டெறோசியோ, அவற்றுக்கு றீட் முதலியோர் இறுத்த விடைகளையும் உடன் கற்பித்தார். இதனை மறந்து அவரை வெறும் நாத்திகப் பிரசாரகராகக் காட்டுவது நேர்மையன்று.

பேச்சு எழுத்தாக மாறியபோதே இடர் பிறந்தது. 1830இல் மாணவர் 'பார்த்தினன்' என்ற சஞ்சிகையை வெளியிட்டனர். பெண்கல்வியும் அதிற் பேசப்பட்டது. மேலிடத்தார் தடுத்தமையால் இரண்டாம் இதழ் வெளிவரவில்லை. பெற்றோரின் அச்சம் முற்றும் பொய்யென்று கூறமாட்டேன். முன்னோர் வழக்கங்களை எள்ளி நகைப்பதே பகுத்தறிவென மயங்கிய இளைஞரும் அங்கிருந்தனர். ஆயினும், மாணவர் துடுக்குக்கு ஆசிரியரைப் பலியிடுதல் எளிய வழி. அன்றும் அதுவே நடந்தது. 1831 ஏப்ரலிற் கூடிய நிருவாகக் குழுவினர் அவர்மேற் குற்றம் நிறுவினாரல்லர்; ஊரார் மனநிலையை முன்னிட்டு அவரை விலக்குதல் தக்கதென்றே முடிவுசெய்தனர். அவரை அழைத்து விசாரித்தலுமில்லை. வில்சனும் ஹெயரும் அவ்வாக்கெடுப்பிற் கலந்துகொள்ளவில்லை. டெறோசியோ பதவி துறந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 26இல் வாந்திபேதியால் மாண்டார். வயது இருபத்திரண்டே.

மன்றத்தின் பழக்கம் மாணவரை விட்டு அகலவில்லை. ஆங்கிலத்திலும் வங்கமொழியிலும் பத்திரிகைகள் நடத்தினர். 1838இல் பொதுவறிவுச் சங்கமொன்றை நிறுவினர். 1843 பெப்ரவரியில் அச்சங்கம் இந்துக் கல்லூரி மண்டபத்திற் கூடியபோது, தக்சிணாரஞ்சன் முகர்ஜி கும்பனியாட்சியின் நீதிமன்றங்களையும் பொலிசையும் கண்டித்துக் கட்டுரை வாசித்தார். அதிபர் றிச்சாட்சன் இடைமறித்து, இக்கல்லூரி இராசத்துரோகத்துக்கு இடமாகாதென்று சினந்தார். தலைமை தாங்கிய தாராசந்த் சக்கரவர்த்தியோ, அதிபர் அக்கூட்டத்துக்கு வந்த ஒரு விருந்தினரேயென்றும், சொன்னதை அவர் மீட்டுக்கொள்ளல் வேண்டுமென்றும் அமைதியாகக் கூறினார். டெறோசியோ மறைந்து அப்பொழுது பதினோராண்டு கடந்திருந்தது.